வண்டி ஸ்டார்ட் ஆகலையா? முதலில் சத்தத்தைக் கேளுங்க

பொள்ளாச்சிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் காலையில் வரும் போன் பெரும்பாலும் இதுதான்: "ஏனுங்க, நேத்து நல்லாத்தான் ஓடுச்சு, இன்னைக்கு ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது, பேட்டரி போயிருச்சாட்டம் இருக்குதுங்க." சரி, போனை பானெட் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்க என்பேன். பாதி விஷயம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

டக்டக்டக் என்று விடாமல் அடித்து, மீட்டர் லைட்டும் மங்கினால் கரண்ட் போதவில்லை. உடனே புது பேட்டரிக்கு ஓட வேண்டாம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா, கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடுகிறதா என்று பாருங்க. ஆடினால், மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே எத்தனையோ வண்டிகள் எழுந்துவிடும். அப்புறமும் எழவில்லை என்றால் மல்டிமீட்டர் வையுங்க. நிறுத்தியிருக்கும் வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே போனால் காலி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும். ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்க்கிற பழைய வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இசியூ போய்விட்டால் பேட்டரி விலையெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

லைட் மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் பெரும்பாலும் இன்ஜினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார் கோளாறு.

இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீங்க. பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் இரண்டு நொடி 'ஊம்' என்று பம்ப் சத்தம் கேட்கும். கேட்கவில்லையா, ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பாருங்க. சாவிப் படம் போட்ட லைட் மின்னிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கிற எலக்ட்ரானிக் பூட்டான இம்மொபிலைசர் உங்க சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்க.

நம்ம ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறார், எலி. தென்னந்தோப்புக்குள் நாலு நாள் நின்ற காரென்றால் நான் ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் டார்ச்சைத்தான் எடுப்பேன். இன்ஜின் மேலே தேங்காய் நார், ஓலைத் துணுக்கு, புழுக்கை கிடந்தால் இன்ஜெக்டர் வயரையோ சென்சார் வயரையோ கடித்திருக்கும்.

எதுவானாலும் சாவியைப் பத்து நொடிக்கு மேல் பிடித்திருக்காதீங்க, ஒரு நிமிஷம் விட்டு அடுத்த தடவை போடுங்க. இல்லாவிட்டால் நல்ல ஸ்டார்ட்டரும் சூடேறிக் கெட்டு, அதற்கும் சேர்த்து எங்களிடம் வர வேண்டியிருக்கும்.