பணம் வந்துவிட்டது, வருவாய் வரவில்லை

பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றிய காய்கறி, புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு இறங்குகிறது. மூட்டை போனது, பணம் வந்தது. கமிஷன் கடைக்காரருக்கு அன்றைய கணக்கு அதோடு சரி. அதே தென்காசி வட்டாரத்தில், மத்தளம்பாறையில், ஸோஹோ மென்பொருள் எழுதுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலாகாத நிறுவனம் என்பதால் காலாண்டுதோறும் ஊருக்குக் கணக்குக் காட்டும் கட்டாயம் அதற்கில்லை. பட்டியலான மென்பொருள் நிறுவனங்கள் காட்டுகிற கணக்கு, சந்தைக் கணக்கு மட்டும் தெரிந்தவரைக் குழப்பிவிடும்.

மார்ச் 1 அன்று ஒருவர் மென்பொருளுக்கான ஓராண்டுச் சந்தா 12 லட்சம் ரூபாயை மொத்தமாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 12 லட்சம் இருக்கிறது. ஜனவரி-மார்ச் காலாண்டு அறிக்கையிலோ வருவாய் 1 லட்சம்தான். ஒரு மாதச் சேவைதானே கொடுத்து முடிந்திருக்கிறது. மீதி 11 லட்சம் பொறுப்புகள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். மாத அட்டைக்கு முன்பணம் வாங்கிய பால் பூத், 30 நாளும் பால் கொடுத்தாக வேண்டும் அல்லவா? அப்படியொரு கடன் அது.

செலவு இப்படித் தவணையில் வருவதில்லை. அந்த வாடிக்கையாளரைப் பிடிக்கச் செய்த விளம்பரமும் விற்பனை ஆட்களின் சம்பளமும் பெரும்பாலும் அந்தந்தக் காலாண்டிலேயே கழிந்துவிடும். ஆகவே வேகமாக வளரும் நிறுவனம் ஏட்டில் நஷ்டம் காட்டுவது அதிசயமில்லை. 2010இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது நஷ்டத்தில்தான் இருந்தது.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. புதிய சந்தாக்கள் வற்றிப்போனாலும் பழைய முன்பணம் மாதாமாதம் வருவாயாகக் கசிந்துகொண்டிருக்கும். அறிக்கையின் தலைப்பில் வரும் வருவாய் எண் அழகாகவே தெரியும். வற்றுவது முதலில் தெரிவது அந்த முன்பணக் கணக்கில். நான் அறிக்கையைப் புரட்டும்போது லாபம் எவ்வளவு என்று பார்க்கும் முன் அதைத்தான் தேடுவேன். அதையும் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஓணத்துக்கு முந்தின வார விற்பனையை அடுத்த மாதத்தோடு எந்தக் காய்கறி வியாபாரி ஒப்பிடுவார்? போன ஓணத்தோடுதான் ஒப்பிடுவார். மென்பொருளிலும் ஒப்பந்தங்கள் ஆண்டு முடிவில் குவிவதுண்டு.

அடுத்தது, விலகிப்போகிறவர்கள். மாதம் 100க்கு 5 பேர் விலகினால் சிறிதாகத்தான் தோன்றும். கூட்டிப் பார்த்தால், 100 பேரில் ஆண்டு முடிவில் மிஞ்சுவது ஏறக்குறைய 54 பேர். மாதம் 1 பேர் என்றால் 88 அல்லது 89 பேர் நிற்பார்கள். மாதம் 5 பேரை இழக்கும் நிறுவனம் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துகிறது. விளம்பரச் செலவில் பெரும்பகுதி, இருந்த இடத்திலேயே இருப்பதற்குத்தான். புனலூரில் ஒரே ஒரு பெரிய வியாபாரியை நம்பி லோடு அனுப்புகிறவரின் கவலை இங்கும் உண்டு. பாதி வருவாய் இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தால், ஒருவர் விலகிய காலாண்டிலேயே கதை மாறும்.

ஊழியர்களுக்குப் பங்குகளாகக் கொடுக்கும் சம்பளத்தைக் கழித்து ஒரு லாபம், கழிக்காமல் இன்னொரு லாபம் என்று இரண்டு எண்களைப் பல நிறுவனங்கள் அச்சிடுகின்றன. கழிக்காததுதான் செய்திக் குறிப்பில் பெரிய எழுத்தில் இருக்கும்.