வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் ஊதா வரும்: பூவிதை எடுப்பவர்கள் கவனத்துக்கு

சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் வீரிய ஒட்டு செண்டுமல்லி, வயல் முழுக்க ஒரே ஆரஞ்சாகப் பூத்து நிற்கும். அதில் நல்ல பூவாகப் பொறுக்கி விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டால் மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, அடுக்கில்லாத பூ என்று கலந்துகட்டி வரும். விதைக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒட்டு ரகத்துக்குள் சேர்ந்திருந்த இரு பெற்றோரின் மரபணுக்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்து வேறு வேறாகக் கூடுகின்றன. பூவின் நிறம் பெரும்பாலும் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை.

இரண்டு வெள்ளைப் பூச்செடிகளைக் கலந்து ஊதாப் பூ வந்ததைப் பார்த்தவர்கள் கேட்கும் "ரெண்டுமே வெள்ளைதானுங்க, கலரு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பல பூக்களில் சிவப்பு, ஊதா, நீலம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. பஞ்சு நூலாகி, நூல் துணியாவது போல அது இதழுக்குள் படிப்படியாக உருவாகிறது. ஒவ்வொரு படியையும் நடத்த ஒரு நொதி (என்சைம்), ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. முதல் படியின் நொதி பழுதானாலும் பூ வெள்ளை, அந்த நொதிகளை முடுக்கிவிடும் இன்னொரு மரபணு பழுதானாலும் வெள்ளை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு வெள்ளைக்கும் காரணம் வேறு. இரண்டையும் கலந்தால் ஒன்றில் பழுதானதை மற்றது ஈடுகட்டிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் ஸ்வீட் பீ என்ற பட்டாணி வகைப் பூச்செடியில் கண்டது இதைத்தான். முதல் தலைமுறை முழுக்க ஊதா, இரண்டாவதில் 9 நிறப் பூவுக்கு 7 வெள்ளை. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும்; இரு மரபணுவிலும் ஒரு நல்ல பிரதியாவது கிடைத்த 9 பங்குக்கு நிறம் வரும். ஏதாவது ஒன்றில் நல்ல பிரதியே கிடைக்காத 7 பங்கு வெள்ளையாகிவிடும்.

செவ்வந்தியில் கதை தலைகீழ். வெள்ளைச் செவ்வந்தியின் இதழும் மஞ்சள் நிறமியை உண்டாக்குகிறது, ஆனால் வேறொரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியின் மரபணு ஒரு கிளையில் போய்விட்டால் வெள்ளைச் செடியில் திடீரென மஞ்சள் பூ வரும். அது நோய் இல்லை, செடியைப் பிடுங்க வேண்டாம். அந்தக் கிளையில் குச்சி வெட்டி வேர்விட வையுங்கள். இரு வகைத் திசுவும் கலந்திருந்தால் மறுபடி வெள்ளை எட்டிப்பார்க்கும், அப்போது முழு மஞ்சள் கிளையிலிருந்து திரும்ப வெட்ட வேண்டும்.

கலப்புச் செய்து பார்ப்பவர்கள் சறுக்குவது எண்ணிக்கையில். 16இல் 1 பங்கு வரும் நிறத்துக்கு 16 செடி வைத்தால், ஒன்றுகூட வராமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. 95 சதவீத உறுதி வேண்டுமானால் 47 செடி தேவை.

வேலியோரச் சங்குப்பூ பழக நல்ல செடி. ஆனால் மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தம் சேர்ந்துவிடும். அதனால் பூப்பதற்கு முந்தைய நாளே மொட்டைப் பிரித்து 10 மகரந்தத்தாள்களையும் கிள்ளிவிட்டு, மெல்லிய துணிப்பை கட்டி, மறுநாள் காலை வேறு நிறப் பூவின் மகரந்தத்தைத் தடவுங்கள். அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காய் பழுத்துப் பழுப்பானதும், வெடித்துச் சிதறும் முன் பறித்துவிடுங்கள்.