பழிவாங்கும் நாயகனுக்கு எப்படித் தெரிகிறது?

மகளைப் பறிகொடுத்த தகப்பன் கத்தியைக் கையில் எடுக்கும் இடத்தில் வாசகர் மனம் அவனோடு போய்விடுகிறது. கிரைம் நாவலானாலும் த்ரில்லர் படமானாலும் இதுதான் நடக்கிறது. அந்த உணர்ச்சியில் தவறில்லை. இழப்பு பெரியது, கோபம் இயல்பானது. ஆனால் அந்தக் கொலை நமக்கு நியாயமாகப் படுவதற்காகக் கதாசிரியர் முன்கூட்டியே ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறார். குற்றம் நடந்ததை நம் கண்முன்னே காட்டிவிடுகிறார். யார் செய்தது என்பதில் சந்தேகமே வைப்பதில்லை. சந்தேகம் இல்லாத இடத்தில் விசாரணை வீண்வேலையாகத் தெரியும். வக்கீல் நியாயத்துக்குக் குறுக்கே நிற்பவராகத் தெரிவார். நிஜ வழக்கில் அந்த நிச்சயம் முதல் நாளில் யாருக்கும் கிடைப்பதில்லை.

2017 செப்டம்பரில் ஹரியானா மாநிலம் குருகிராமில், ஒரு தனியார் பள்ளியின் கழிவறையில் 7 வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டு இறந்தான். அன்றைக்கே பள்ளிப் பேருந்தின் நடத்துனர் கைதானார். தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஊரே கொதித்தது. ஒரு பழிவாங்கும் கதைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் சிறுவனின் தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போய் சிபிஐ விசாரணை கேட்டார். வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. நவம்பரில் அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பிடிபட்டான். அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்றார் நடத்துனர். 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. கைதுக்கும் மாணவன் பிடிபட்டதற்கும் இடைப்பட்ட இரண்டு மாதத்தில் ஒரு த்ரில்லர் நாயகன் புறப்பட்டிருந்தால், செத்திருப்பவர் அந்த நடத்துனர்.

இந்தக் கதைகளில் தவறாமல் வரும் ஒரு காட்சி உண்டு. நாற்காலியில் கட்டிப்போட்ட ஆள், இருட்டறை, நான்கு அடி. உண்மை கொட்டுகிறது. வலியில் இருப்பவன், வலியை நிறுத்தக்கூடிய பதில் எதுவோ அதைச் சொல்வான். அது உண்மையாகவும் இருக்கலாம், கேட்பவர் எதிர்பார்க்கும் பொய்யாகவும் இருக்கலாம். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சட்டம் வைத்திருப்பது இதனால்தான். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் அது 23ஆம் பிரிவு. அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளோ தகவலோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த நாற்காலிக் காட்சியில் ஒருமுறையாவது பொய் வரட்டும். நாயகன் அந்தப் பொய்யை நம்பிப் போகட்டும். கதையும் ஆழமாகும்.

அடுத்து, திட்டம். 1959 ஏப்ரல் 27, பம்பாய். மனைவிக்கு வேறொருவரோடு உறவு என்பதை அவர் வாயாலேயே கேட்டார் கடற்படை கமாண்டர் நானாவதி. குடும்பத்தைச் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய் ஒரு பொய்க்காரணம் சொல்லி ரிவால்வரும் 6 தோட்டாவும் வாங்கினார். அந்த ஆளின் வீட்டுக்குப் போனார், சுட்டுக் கொன்றார். பொதுமக்களிலிருந்து தேர்ந்த ஜூரி 8-க்கு 1 என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வீட்டைவிட்டுக் கிளம்பியது பகல் 1.30, சுட்டது 4.20. கோபம் தணிய அந்த நேரம் போதும் என்றது நீதிமன்றம். கடுமையான, திடீர்க் கோபமூட்டலில் கட்டுப்பாடு இழந்து செய்த செயல் என்ற விதிவிலக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

த்ரில்லரில் நாம் விரும்பிப் படிப்பது அந்த இடைவெளியைத்தான். வேவு பார்ப்பது, ஆயுதம் தேடுவது, அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டும் பொய்யான அலிபி தயாரிப்பது. கதையில் புத்திசாலித்தனமாகத் தெரியும் ஒவ்வொரு படியும் நீதிமன்றத்தில் கொலை நோக்கத்துக்குச் சாட்சி. கைப்பேசி கோபுரப் பதிவை எடுத்துத் தரும் நண்பன் உடந்தை அல்லது கூட்டுச்சதி வழக்கில் வருவான். ரத்தக்கறையைக் கழுவித் தரும் தங்கை சாட்சியத்தை அழித்த குற்றத்தில். ஒரு வீட்டின் இழப்பு, வீட்டில் மிஞ்சியவர்களையும் கொண்டுபோகிறது. எழுத்தில் மிக அபூர்வமாகவே இது வருகிறது.

தற்காப்பைப் பழிவாங்கலோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிராபத்து, பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளி இறக்கும் அளவுக்குக்கூட அது போகலாம். ஆபத்து இருக்கும்வரைதான் உரிமை இருக்கும். அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் கிடையாது. தேவைக்கு மேல் தாக்கினாலும் கிடையாது. தாக்கியவன் ஓடிவிட்டான், மறுநாள் அவன் வீடு தேடிப் போய்க் கொல்கிறோம் என்றால், அது கொலைக்கான 103ஆம் பிரிவு: மரண தண்டனை அல்லது ஆயுள்.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பெண் கால்நடை மருத்துவர் கொலையில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்ல வேண்டும் என்றே சுட்டது என முடிவு செய்து 10 போலீஸார் மீது கொலை வழக்கு விசாரணைக்குப் பரிந்துரைத்தது. நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. அந்த மருத்துவரின் குடும்பத்துக்கு, யார் என்ன செய்தார் என்று சொல்லும் தீர்ப்பு ஒன்று இனி வராது. குற்றம் சாட்டப்பட்டவர் செத்தால் அவர் மீதான வழக்கும் அதோடு முடிகிறது.

‘சட்டம் கைவிட்டுவிட்டது’ என்பதைக் கதைகள் ஒரே காட்சியில் முடித்துவிடுகின்றன: இன்ஸ்பெக்டர் புகாரை வாங்க மறுப்பார், அவ்வளவுதான். நிஜத்தில் அந்த மறுப்புக்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் எஃப்ஐஆர் பதிய வேண்டும். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி.க்கு எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: எஸ்.பி.க்கு அனுப்பிய நகலும் பிரமாணப் பத்திரமும் இல்லாமல் போனால் மனு நிற்காது.

பிறகு நாள்களை எண்ணுங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது போலீஸின் கடமை. கெடு நெருங்கும்போது இதை எழுத்தில் கேளுங்கள். ஜாமீன் மனு விசாரணையிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பு பேசலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் அரசை எதிர்பார்க்காமல் நீங்களே மேல்முறையீடு செய்யலாம்.

மிரட்டல் வந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பியுங்கள். அச்சுறுத்தல் குறித்த போலீஸ் அறிக்கை 5 வேலை நாளுக்குள் வர வேண்டும். வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அழைப்பு வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.