மே மாத வெயில், ஆகஸ்ட் ரிப்போர்ட்

ஆகஸ்டில் விந்துப் பரிசோதனை செய்து விந்தணு எண்ணிக்கை குறைவு என்று வந்தால், போன வாரம் சரியாகத் தூங்காததையும் வெளியில் சாப்பிட்டதையும் நினைத்துக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது மே மாதத்தை. ஒரு விந்தணு விதைக்குள் உருவாகி முடிய ஏறத்தாழ 70 நாள் ஆகும். பிறகு விதையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சுருண்ட குழாயில் முதிர்ந்து, நீந்தும் திறன் பெற இன்னும் 10 நாள் முதல் 2 வாரம். இன்று மைக்ராஸ்கோப்பில் தெரிவது கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய உற்பத்தி. வேலூர், குடியாத்தம், சித்தூர் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களின் விளைவு, ஆடிக் காற்று அடிக்கும்போதுதான் ரிப்போர்ட்டில் ஏறும்.

ஆடி என்றதும் ஒரு விஷயம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஆடியிலும் அந்தப் பக்கம் ஆந்திராவில் ஆஷாடத்திலும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் உண்டு. சித்திரை வெயிலில் பிரசவம் வரக் கூடாது என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். விந்தணுக் கணக்கு அதில் கிடையாது. இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதி அந்த மாதத்தை வீணாக்கத் தேவையில்லை.

விதை உடலுக்கு வெளியே தொங்குவது சும்மா இல்லை. உடலின் உள் வெப்பம் 37 டிகிரி. விதைக்கு வேண்டியது அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு. விதைப்பையின் தோல் மெலிசு, அடியில் கொழுப்பு கிடையாது, வேர்வைச் சுரப்பி நிறைய. குளிரில் சுருங்கி மேலே ஏறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைச் சுற்றி, திரும்பி வரும் சிரைகள் வலையாகப் பின்னியிருக்கும். ஆறிய ரத்தம் மேலே ஏறும்போது, கீழே இறங்கும் ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். ஆனால் வெளிக்காற்றே 40 டிகிரி என்றால் ஆறுவதற்கு மிச்சமிருப்பது ஒரே வழி, வேர்வை ஆவியாவது. அது ஆவியாகக் காற்று வேண்டும். ஜீன்ஸுக்குள், நைலான் ஜட்டிக்குள், ரெக்சின் சீட்டின் மேல் காற்று ஏது?

சூடு ஏறினால் அதிகம் அடிபடுவது பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் செல்கள். அவற்றில் பல மடிந்துபோகும், எண்ணிக்கை குறையும். தப்பி வளர்வதிலும் நகரும் வேகம் குறையலாம், உள்ளிருக்கும் டிஎன்ஏ உடைந்திருக்கலாம். விந்தணுவை உருவாக்கும் மூலச் செல்கள் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சூடு விலகினால் இரண்டு மூன்று மாதத்தில் உற்பத்தி திரும்புகிறது.

வெளி வெயில் மட்டும் எவ்வளவு கெடுக்கும்? அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் திறந்தவெளியில் வேலை பார்க்கும் ஆண்களைக் கோடையிலும் குளிர்காலத்திலும் பரிசோதித்து 1990இல் வெளியிட்டார்கள். கோடையில் விந்தணு அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பிறகு ஏசியில் வேலை பார்க்கும் ஆண்களைப் பார்த்தபோது அவர்களுக்கும் கோடையில் இறக்கம் இருந்தது. ஆகவே பகல் நீளம் மாதிரி வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். "ஏசி மாட்டினா சரியாயிடுமா சார்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: ராத்திரி நன்றாகத் தூங்க உதவும், அதற்காக மாட்டுங்கள், அதை மருந்தாக நினைத்துக் கடன் வாங்காதீர்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கு யாருக்கு வலிக்கும் என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் அடர்த்தியின் கீழ் எல்லை மில்லிக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம். மில்லிக்கு 60 மில்லியன் உள்ளவருக்கு அது 40 ஆனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஏற்கெனவே 20இல் நிற்பவர் 13க்கு இறங்கினால் எல்லைக்குக் கீழே போய்விடுவார். விந்தணுவே இல்லை, பூஜ்யம் என்று வந்தால் பழியை வெயில் மேல் போடக் கூடாது. அடைப்பா, ஹார்மோன் குறையா, மரபணுக் காரணமா என்று தனியாகத் தேட வேண்டும்.

இந்தப் பகுதியில் வெயிலைவிடப் பெரிய வில்லன், வெயிலோடு சேரும் வேலைச் சூடு. பரோட்டா மாஸ்டரைக் கவனியுங்கள். கல் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதன் அடியில் அடுப்பு. அனல் நேராக அடிப்பது தொடைக்கும் அடிவயிற்றுக்கும். சாயங்காலம் தொடங்கி ராத்திரி கடை சாத்தும்வரை அதே நிலை, உள்ளே இறுக்கமான பேண்ட். அடுப்புக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்து, தகரத்துக்கும் அடுப்புக்கும் இடையே கையளவு இடைவெளி விட்டாலே நேரடி அனல் பெரிதும் குறையும். தகரம் அடுப்போடு ஒட்டியிருந்தால் அதுவே பழுத்துத் தனி அடுப்பாகிவிடும். அடுப்பு முழுவதையும் மூடிவிடவும் கூடாது; எரிவதற்குக் காற்று வேண்டும். செங்கல் சூளையில் தீ போடுகிறவர், பேக்கரி அவன் முன்னால் நிற்பவர், வெல்டர் எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான்: முடிந்தால் மணிக்கு 10 நிமிடம் அனலை விட்டுக் காற்றோட்டமான நிழலுக்கு வர வேண்டும். கோடையில் சூளை வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது; அது முதலாளி மனது வைத்தால் நடக்கிற காரியம் என்பதும் தெரியும்.

அடுத்தது டிரைவர்கள். மாம்பழ சீசனில் சித்தூர் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு லோடு அடிப்பவர்களும் பெங்களூர் சாலையில் இரவும் பகலும் ஓட்டுபவர்களும் கேபின் சூட்டோடு, தொடை இரண்டையும் சேர்த்துவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலே விதைப்பை வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி ஏறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ரெக்சின் சீட்டின் மேல் பழைய டிரைவர்கள் போடும் மரமணி உறை நல்ல ஏற்பாடு. அடியில் காற்று புகும். இல்லையென்றால் பருத்தித் துண்டு விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போது கேபினில் உட்கார்ந்தே குடிக்காமல் இறங்கி நடங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகள் வெயிலில் போவதே இல்லை என்பார்கள். மடியில் லேப்டாப்பை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறும். மேஜையில் வையுங்கள்.

உடையில் பெரிய ரகசியம் இல்லை. குடியாத்தத்தில் நெய்யும் லுங்கியே போதும். வீட்டுக்கு வந்ததும் ஜீன்ஸைக் கழற்றிவிட்டு அதற்கு மாறலாம், ராத்திரி ஜட்டி வேண்டாம். பகலில் தளர்வான பருத்தி. தளம் போட்ட வீட்டில் பகல் முழுக்க வாங்கிய சூடு ராத்திரியில்தான் உள்ளே இறங்கும், அதனால் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் படுப்பது இன்றும் நல்ல வழிதான். வாரம் ஒரு எண்ணெய்க் குளியலில் ஊற்றும் வெந்நீரால் ஒன்றும் ஆகாது. வெந்நீர்த் தொட்டியில் ஊறுவதும் ஸ்டீம் பாத்தும் வேறு. பிள்ளைக்கு முயலும் மாதங்களில் தவிர்க்கலாம். ஐஸ் கட்டி வைக்காதீர்கள், தோல் வெந்து புண்ணாகும்.

காய்ச்சலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டெங்கு, சிக்குன்குனியா, சாதாரண வைரஸ் எதுவானாலும் சில நாள் 39 டிகிரியில் கிடந்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று மாத ரிப்போர்ட் கெட்டிருக்கலாம். அதை வைத்து ஐவிஎஃப் வரை பேச்சுப் போவது அநியாயம்.

உள்ளேயே இருக்கும் ஒரு சூட்டுக் காரணம் வேரிகோசீல், விதைக்கு மேல் உள்ள சிரைகளின் வீக்கம். ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு உண்டு. விந்துக் குறைபாட்டோடு வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். இடப்பக்கம்தான் அதிகம், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சிரை நீளமாகப் போய்ச் சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேருகிறது. நிற்கும்போது தடவிப் பார்த்தால் புழுச் சுருண்டதுபோல் தட்டுப்படும், படுத்தால் அடங்கும். அதனால் டாக்டர் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். படுக்கவைத்து மட்டும் பார்த்தால் தவறிவிடலாம். கையில் தட்டுப்படும் அளவு இருந்து, ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வீக்கத்துக்குக் கத்தி வேண்டாம்.

குறைவு என்று தெரிந்ததும் "ஆண் ஹார்மோன் ஊசி" போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கும் விபரீதம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் மூளை, விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். ஜிம்மில் விற்கும் ஊசிக்கும் இதே கதைதான், நிறுத்திய பின் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். விட்டமின் மாத்திரைகளுக்குப் பெரிதாகச் சான்று இல்லை. பீடியையும் ஹான்ஸ் புகையிலையையும் விடுங்கள், அந்தக் காசும் மிச்சமாகும்.

பரிசோதனை எடுக்கும் முறையிலேயே பல ரிப்போர்ட் கெடுகிறது. 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து, அகன்ற வாய் டப்பாவில் முழு மாதிரியும் விழ வேண்டும். முதல் சொட்டுகள் சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதில்தான் விந்தணு செறிவு அதிகம். எச்சில், எண்ணெய், சாதாரண ஆணுறை கூடாது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். மே மாதத்தில் டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தால் வெந்துவிடும். ஐஸ் பையில் வைத்தாலும் விந்தணு முடங்கும். சட்டை உள்பையில் வைப்பதே சரி. பலமநேர், புங்கனூர் பக்கத்திலிருந்து வேலூருக்கு வருபவர்கள் லேபிலேயே எடுக்க வேண்டும். முதல் ரிப்போர்ட் குறைவு என்றால் ஒரு மாதமாவது விட்டு மறுபடி பாருங்கள். நடுவில் காய்ச்சலோ சூளை சீசனோ இருந்திருந்தால் மூன்று மாதம் விடுங்கள். ஆனால் அந்த மூன்று மாதம் மனைவியின் பரிசோதனைகளை நிறுத்திவைக்க வேண்டாம். அவருக்கு 35 வயது ஆகிவிட்டால், ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போய்விடலாம். மற்றவர்களுக்கு ஒரு வருடம்.

சின்னப் பையன்கள் விஷயமும் இதோடு சேர்ந்தது. விதை இறங்காமல் வயிற்றிலோ தொடை இடுக்கிலோ நின்றுவிட்டால், அது வருடக்கணக்கில் 37 டிகிரியில் கிடக்கும். ஆறு மாதக் குழந்தைக்குப் பையில் இரண்டில் ஒன்றாவது தட்டுப்படவில்லை என்றால், "வளர்ந்தா தானா இறங்கிடும்" என்று பாட்டி சொன்னாலும் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் ஒன்றரை வயதுக்குள் முடிக்க வேண்டும். தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் நர்ஸிடம் கேட்டால் அங்கேயே பார்த்துச் சொல்வார்.