கம்பி மூலையில் திரும்பியிருக்கிறதா?

நிலநடுக்கம் என்றதும் முதல் பத்து நாள்தான் நம் கண்ணில் நிற்கும். இடிபாடு, ராணுவம், கூடாரம், உணவுப் பொட்டலம். கட்டடப் பொறியாளரான எனக்கு அதற்கப்புறம் வரும் இரண்டு வருடம்தான் பெரிய கவலை. இடிந்த வீட்டைத் திரும்ப எப்படிக் கட்டுகிறார்கள்?

1993-ல் லாத்தூர் பக்கம் கில்லாரியில் தடித்த கல் சுவரும் கனத்த மண் கூரையும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. மோசமாகச் சேதமான 52 கிராமங்களை மகாராஷ்டிர அரசு வேறு இடத்துக்கு மாற்றியது. வீடு வந்தது. மாடு கட்டவும் ஏர் வைக்கவும் இடமில்லையே என்ற குறையும் கூடவே வந்தது.

2001 ஜனவரி 26-ல் கட்ச் குலுங்கியபோது (அளவு 7.7, இறந்தவர்கள் 13,000-க்கும் மேல்) குஜராத் வேறு வழியில் போனது. இரண்டே வாரத்தில் பேரிடர் மேலாண்மைக்குத் தனி ஆணையம் அமைத்தது. பெரும்பாலான இடங்களில் வீடு கட்டும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே விட்டது. பணம் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்குப் போகும். ஆனால் அடுத்த தவணைக்குப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைத்தான் நான் உயிர்நாடி என்பேன்.

அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தோடு நானும் அங்கே இருந்தேன். ஒரு பெரியவர் வீட்டில் லிண்டல் பெல்ட்டுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேலே எல்லாச் சுவரையும் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) கம்பி கட்டி, கலவை போடத் தயாராக நின்றார்கள். மூலையில் குனிந்து பார்த்தேன். ஒரு சுவரின் கம்பி மூலையோடு நின்றுவிட்டது, பக்கத்துச் சுவருக்குள் திரும்பவே இல்லை. பூமி ஆடும்போது முதலில் வாய் பிளப்பது மூலைதான். இரண்டு சுவரும் தனித்தனியாகப் பிரிந்தால் கூரைக்குப் பிடிமானம் ஏது? நான்கு சுவரையும் ஒரு பெட்டிபோல இறுக்கிக் கட்டத்தானே அந்தப் பெல்ட்டே!

வேலையை நிறுத்தச் சொன்னேன். “மழைக்கு முன்னால் கூரை வேண்டும், சாப்” என்று பெரியவர் கெஞ்சினார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. ‘எல்’ வடிவில் கம்பி வளைத்து நான்கு மூலையிலும் சேர்த்துக் கட்ட அரை நாள் ஆனது. அவ்வளவுதான். கான்கிரீட் போட்ட பிறகு வந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

அதனால் எந்த மாநிலத்தில் மறுகட்டுமானம் நடந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பொறியாளர் எப்போது வருவார், கான்கிரீட்டுக்கு முன்பா, பின்பா? நீங்கள் வீடு கட்டினாலும் கான்கிரீட் போடும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். மூலைக் கம்பியைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்த வாரம் அந்தத் தெருவுக்குத் திரும்பப் போனேன். எதிர்வீட்டுச் சாரத்தில் ஏறி நின்று, மூலைக் கம்பியைக் கொத்தனாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர்.