கட்டாயப் படைச் சேவை உண்டா? இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு விதி விளக்கம்

2025 மே மாதம் எல்லையில் மோதல் மூண்ட நாட்களில் பாம்பன் முதல் தொண்டி வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. மோதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அது. கடலுக்குப் போகாத நாட்களில் பேச்சு வேகமாகப் பரவும். பகுதிநேரப் படையான பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைத்துக்கொள்ளும் அதிகாரம் ராணுவத் தலைமைத் தளபதிக்கு அளிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. கைபேசிக்குக் கைபேசி தாவி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அது ‘வீட்டுக்கு ஒரு பையனைப் பட்டாளத்துக்கு எடுக்கப் போகிறார்களாம்’ என்று உருமாறியிருந்தது. ஐஸ் கம்பெனியில் தினக்கூலிக்குப் போகும் மகனை வைத்துக்கொண்டு, ‘அவனுக்கும் ஓலை வருமா தம்பி?’ என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். வராது என்று அன்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் சரிதான் என்றாலும் போதாது. எந்த விதியின்படி வராது, எந்தத் தாளில் கையெழுத்திட்டால் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும்.

இந்தியாவில் பொதுமக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் திரட்டிய சுமார் 25 லட்சம் பேர் கொண்ட இந்தியப் படைகூட, தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களைக் கொண்டதுதான். வறுமையும் பஞ்சமும் எத்தனை பேரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தின என்பது வேறு கணக்கு. அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம் என்றும், அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் கூறுகிறது. ஆகவே, வாசல் அடியோடு அடைக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. திறக்க வேண்டுமானால் அதற்கென ஒரு சட்டம் வேண்டும். நாட்டைக் காப்பதும் அழைக்கும்போது தேசச் சேவை செய்வதும் குடிமக்களின் கடமை என்று 51ஏ பிரிவு சொல்கிறது. அதை மட்டும் காட்டி ஒருவரைப் படைக்கு இழுத்துப் போக முடியாது.

1972ஆம் ஆண்டின் தேசியச் சேவைச் சட்டம் என்று ஒன்று உண்டு. வதந்தியைப் பரப்புகிறவர்கள் சில வேளைகளில் அதன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அது 30 வயதுக்கு உட்பட்ட, மருத்துவம் அல்லது பொறியியல் போன்ற தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். வலை இழுப்பவர்களையும் கரிமூட்டம் போடுபவர்களையும் உப்பளத்தில் வேலை செய்பவர்களையும் அது குறிக்கவில்லை.

இனி, வதந்திக்கு மூலமாக இருந்த பிராந்திய ராணுவத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்தப் படையில் இருப்பவர்கள் வேறு தொழில் செய்துகொண்டே, ஆண்டில் சில வாரங்கள் பயிற்சி பெற்று, தேவைப்படும்போது சீருடை அணிபவர்கள். தலைமைத் தளபதிக்கு அந்த அதிகாரத்தைத் தந்த 2025 மே 6 அறிவிக்கை, ஏற்கெனவே இந்தப் படையில் பதிவு செய்துகொண்ட அதிகாரிகளையும் வீரர்களையும் பற்றியது. அதிலும் 32 காலாட்படைப் பிரிவுகளில் 14 பிரிவுகளை மட்டும் பணிக்கு அழைப்பது பற்றியது. பெயர் கொடுக்காத ஒருவருக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் அதிகம் பேர் அறியாத ஒரு பிரிவு இந்தச் சட்டத்தில் உள்ளது. அரசுப் பணியிலோ பொதுப் பயன்பாட்டுச் சேவையிலோ இருக்கும் 20 முதல் 40 வயது வரையிலானவர்களை, தேவைப்பட்டால், பிராந்திய ராணுவத்தில் பணியாற்றச் சொல்ல முடியும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட 6ஏ பிரிவு கூறுகிறது. ஆக, ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எங்கேனும் இடமிருக்கிறது என்றால், அது கூலிக்குப் போகும் பையனைவிட அரசு வேலையில் இருக்கும் அவனுடைய அண்ணனுக்குத்தான் கொஞ்சம் அருகில் இருக்கிறது. படைப்பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வரும்போது பழைய வேலையை முதலாளி மீண்டும் தர வேண்டும் என்பதையும் அதே சட்டத்தின் 7ஏ பிரிவு உறுதி செய்கிறது.

தாமாகச் சேர விரும்பும் இளைஞருக்கு இன்று திறந்திருக்கும் பெரிய வழி, 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட, நான்காண்டுப் படைப்பணிக்கான அக்னிபத் திட்டம். பதினேழரை வயது முதல் 21 வயது வரை உள்ள, திருமணமாகாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற வரம்புடன் இது தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டு அறிவிக்கையிலும் பிறந்த தேதி வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 18 வயது நிறையாதவரின் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்தும் வேண்டும் என்பதால், அந்த வயதில் தாய் தந்தைக்குத் தெரியாமல் எவரும் சேர முடியாது. ராணுவத்தின் பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடும், ஒவ்வொரு பாடத்திலும் 33 விழுக்காடும் கேட்கப்படுகின்றன. டிரேட்ஸ்மேன் பிரிவில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமான பணிகளும் உண்டு. முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு ஓட்டமும் உடல்தகுதியும், பிறகு மருத்துவப் பரிசோதனை என்பது 2023 முதல் உள்ள வரிசை. 2025 முதல் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கடல் மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர்களை ஓட்டத்துக்கு வர விடாமல் முன்பே வடிகட்டிவிடும் எழுத்துத் தேர்வுக்குத்தான் உழைக்க வேண்டியிருக்கிறது.

பணக் கணக்கை நிதானமாகப் பார்ப்பது நல்லது. புரோக்கர்கள் சொல்லும் கணக்கும் உண்மைக் கணக்கும் பிரியும் இடம் அதுதான். முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000. இதில் 30 விழுக்காடு ‘சேவா நிதி’ என்ற கணக்குக்குப் பிடிக்கப்படுவதால், கைக்கு வருவது முதலாண்டில் 21,000 ரூபாயும் நான்காம் ஆண்டில் 28,000 ரூபாயும்தான். பிடிக்கப்படும் தொகை நான்கு ஆண்டுகளில் சுமார் 5.02 லட்சம் ஆகிறது. அதே அளவு தொகையை அரசும் போடுகிறது. ஆக 10.04 லட்சம் ரூபாயும் அதற்கான வட்டியும் நான்காண்டு முடிவில் வருமான வரி இல்லாமல் கைக்குக் கிடைக்கும். இடையில் தாமாகவே விலகிச் செல்ல, விதிவிலக்கான சூழலில் அனுமதி கிடைத்தாலும், தாம் செலுத்திய பங்கும் வட்டியும் மட்டுமே திரும்பும். அரசின் பங்கு கிடைக்காது. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இதை என்னிடம் விவரம் கேட்டு வரும் ஒவ்வொரு தந்தையிடமும் இரண்டு முறை சொல்வேன். ஏனென்றால், பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரின் பென்ஷனைத் தெருவில் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் பிள்ளையை அனுப்ப நினைக்கிறார்கள். அந்தப் பென்ஷன் இந்தத் திட்டத்தில் இல்லை.

நான்கு ஆண்டு முடிந்ததும், ஒன்றாகச் சேர்ந்த ஒரு குழுவிலிருந்து 25 விழுக்காடு வரையிலானவர்களை நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. அவர்கள் மேலும் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். மற்றவர்கள் இருபத்தைந்து வயதுக்குள் ஊர் திரும்புவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் அவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு முதலில் அறிவிக்கப்பட்டது. பணியின்போது உயிரிழந்தால், வீரர் பணம் கட்டாமலே கிடைக்கும் 48 லட்சம் ரூபாய்க் காப்பீடு குடும்பத்துக்கு உண்டு. அந்த மரணம் பணியின் காரணமாக நேர்ந்தது என்றால், கூடுதலாக 44 லட்சம் ரூபாய் கருணைத் தொகையும், முடிக்காத பணிக்காலத்துக்கான சம்பளமும் சேரும்.

சேர்ந்தபின் ஓடிவந்துவிடலாம் என்று எண்ணுவோர் ராணுவச் சட்டத்தின் 38ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமைதிக்காலத்தில் படையை விட்டு ஓடினால் ஏழு ஆண்டு வரை சிறை. போர்ப்பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரை விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது.

நான்காண்டுப் பணி போதாது, நிரந்தரச் சீருடைதான் வேண்டும் என்று நினைக்கும் மீனவர் பிள்ளைகள் கடலோரக் காவல் படையையும் பார்க்கலாம். மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் இந்தப் படை அக்னிபத் திட்டத்தில் சேராதது. அதன் நாவிக் (மாலுமி) பொதுப்பணிக்கு 18 முதல் 22 வயதும், கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். மீனவ இளைஞர்களை இதற்கென்று தயார்படுத்தத் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்திவருகிறது. அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்திலேயே விசாரிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் வருந்தும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்; ஆகவே, இந்த முடிவைப் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே எடுக்க வேண்டும்.

இந்தக் கரைக்கு மெய்யான ஆபத்து இருப்பது நம் அரசின் படையில் அல்ல, சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகும் வழியில். நம் மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பலரை 1942-43இல் ஜப்பானியர், நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டியும் பிறகு வலுக்கட்டாயமாகவும் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையிலிருந்து திரும்பாதவர்களின் கதை பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. எண்பது ஆண்டு கழித்து ஆசை வார்த்தை மாறவில்லை. உதவியாளர் வேலை, காவல் வேலை, படிப்பு என்று சொல்லி ரஷ்யாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள், படிக்கத் தெரியாத மொழியில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் 2025 ஜனவரியில் தந்த கணக்கின்படி, ரஷ்யப் படையில் சேர்ந்ததாகத் தெரிந்த 126 இந்தியர்களில் 96 பேர் திரும்பினார்கள், 12 பேர் இறந்தார்கள், 16 பேரைக் காணவில்லை. ஆள் அனுப்பிய முகவர்கள்மீது 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அந்தக் குறிப்பு உள்ளவரின் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை சரிபார்க்கிறது. அந்த 18 நாடுகளில் ரஷ்யா இல்லை. சவூதிக்குப் போகும் பையனுக்குக் கிடைக்கும் அந்தச் சிறு பாதுகாப்புகூட ரஷ்யாவுக்குப் போகிறவனுக்குக் கிடைக்காது. அவனுடைய தாளைப் படித்துப் பார்க்க அவனும் அவன் வீட்டாரும் மட்டுமே உண்டு. முகவர், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டால் பேச்சு மாறுவதைக் காணலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

மாட்டிக்கொண்டவரின் குடும்பம் அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். எங்கே முறையிட்டாலும் பாஸ்போர்ட் எண், விசாவின் நகல், முகவரின் பெயர், பணம் அனுப்பிய ரசீது, கடைசியாகப் பேசிய தேதி ஆகியவற்றைக் கேட்பார்கள். விமானம் ஏறும் முன்பே இவற்றின் நகல்களை எடுத்து, அம்மாவின் பெட்டியில் ஒரு உறையில் போட்டு வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.