ரோமத்துக்குள் மறையும் துளை

கொழும்பு வெள்ளவத்தையில் கால்வாயை ஒட்டிய ஒழுங்கையொன்றிலிருந்து ஒரு வயதான அம்மா தன் பூனையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது என்றார். "கடுவன் கடிச்சிருக்கும் டொக்டர், மருந்து போட்டு விடுங்கோ."

நீளமான ரோமமுள்ள பூனை. விலாவுக்குக் கீழே ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவியபோது ஒரு பொருக்கு விரலில் தட்டுப்பட்டது. அரிசியளவுகூட இல்லை. பூனைக்கடி என்றால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பற்குறி இருக்கும். இது ஒற்றைத் துளை, வட்டமானது, விளிம்பு கறுத்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றுக்குள் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போல ஒரு சின்ன வெள்ளை உருவம் தெரிந்தது. எயார் ரைபிள், அதாவது காற்றழுத்தத் துவக்கின் ஈயச் சன்னம். சிறுகுடலில் இரண்டு இடத்தில் ஓட்டை. வயிறு முழுக்கச் சீழ். சத்திரசிகிச்சை செய்தோம். இரண்டாம் நாள் இரவு பூனை இறந்துவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"வெளியில ஒண்டுமே தெரியேல்லையே டொக்டர்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. வெளியில் தெரியாது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கயோட்டி என்ற காட்டு நாயினம், நரி போன்றவற்றை ரோமத்தோலுக்காகச் சுடுகிறவர்கள் உண்டு. தோலில் பெரிய கிழிசல் விழுந்தால் விலை போகாது. அதனால் அவர்கள் சன்னத்தை மிகக் கவனமாகத் தெரிவு செய்கிறார்கள். முழுவதும் செம்பு உறை போட்ட கெட்டியான சன்னம் சிறு துளையோடு புகுந்து சிறு துளையோடு மறுபக்கம் போய்விடும். ஆனால் மிருகம் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். எனவே பலர் எடுப்பது வேறு வகை: மெல்லிய உறை, குழிந்த முனை அல்லது பிளாஸ்டிக் முனை, எடை மூன்று கிராம் அளவுதான், வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 1,000 மீற்றர். தோலில் ஆறு மில்லிமீற்றருக்கும் குறைவான துளை போட்டுப் புகும். நெஞ்சுக்குள் போனதும் நொறுங்கிச் சிதறும். எல்லாச் சக்தியும் உள்ளேயே தீர்ந்துவிடுவதால் மறுபக்கம் துளையே இருக்காது. எக்ஸ்ரேயில் பார்த்தால் உப்பைத் தூவியதுபோல நூற்றுக்கணக்கான ஈயத் துகள்கள் தெரியும். கணக்குப் பிசகித் தோள் எலும்பில் பட்டால் மேலேயே வெடித்துச் சதையைப் பிய்த்துவிடும். மிருகம் உடனே சாகவும் செய்யாது.

கொழும்பில் ரோமத்தோல் வியாபாரம் இல்லை. அந்த வகைத் துவக்குகளும் எங்கள் மேசைக்கு வரும் காயங்களுக்குக் காரணமில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை அந்த வேட்டைக்காரர்கள் எங்களைவிடத் தெளிவாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்: தோல் கெடாமல் இருப்பதற்கும் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதற்கும் தொடர்பே கிடையாது.

எயார் ரைபிள் சன்னம் பெரும்பாலும் 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர். ரைபிள் சன்னத்தோடு ஒப்பிட்டால் சக்தி நூறில் ஒரு பங்கு அளவுதான். நொறுங்காது. ஆனால் பூனையின் வயிற்றுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று யோசித்துப் பாருங்கள். சன்னம் படும்போது தோல் இழுபட்டு வழிவிடுகிறது, பிறகு சுருங்கிவிடுகிறது. அதனால் துளை சன்னத்தைவிடச் சிறியதாகத் தெரியும். பூனைக்குத் தோல் தளர்வு. ஒரு அடி நடந்தாலே தோலிலுள்ள துளையும் கீழே தசையிலுள்ள துளையும் வேறு வேறு இடத்துக்குப் போய்விடும். இரத்தம் வெளியே வர வழியில்லை. மிச்சத்தை ரோமம் மூடிவிடும். எண்ணெய் பூசி வாரிவிட்டதுபோல அழகாகப் படுத்திருக்கும் பூனையின் வயிற்றுக்குள் குடல் கசிந்துகொண்டிருக்கும்.

திடீரென்று ஒளிந்துகொள்வது, தொட்டால் சீறுவது, படுக்காமல் குந்திக்கொண்டே மூச்சு வாங்குவது, முரசு (பல் ஈறு) வெளிறுவது, சிறுநீரில் இரத்தம், பின்கால் இழுபடுவது: இதில் ஒன்று இருந்தாலும் உடம்பு முழுவதும் ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். ஒற்றைத் துளை கண்டால் அழுத்தாதீர்கள், கிண்டாதீர்கள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள். நெஞ்சில் துளை இருந்து காற்றுச் சத்தம் கேட்டால் சுத்தமான பொலித்தீன் துண்டால் மூடிப் பிடியுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு கொடுக்காமல் கொண்டுவாருங்கள். அப்புறம், பனடோல் (பரசிற்றமோல்). தயவுசெய்து பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு வில்லை உயிரை எடுத்துவிடும். சன்னத்திலிருந்து தப்பக்கூடிய பூனை பனடோலால் செத்துப்போகும்.

எக்ஸ்ரே இரண்டு கோணத்தில் வேண்டும், பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று. ஒரே படத்தை வைத்து சன்னம் வயிற்றுக்குள்ளா வெளித்தசையிலா என்று சொல்ல முடியாது. செலவுக்காகத் தயங்குகிறவர்களிடம், இரத்தப் பரிசோதனையில் ஏதாவது பிற்போடக் கூடியதென்றால் பிற்போடுவோம், இரண்டாவது படத்தை மட்டும் விடவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சன்னத்தை எடுத்தே ஆகவேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போர் நடந்த வடக்கிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் இதை விளக்கத் தேவையில்லை. தன் நாய்க்குட்டியின் படத்தைப் பார்த்த ஒரு ஐயா, சட்டைக்கு மேலால் தன் தோளைத் தொட்டுக் காட்டி, "இதுக்குள்ளயும் ஒண்டு கிடக்கு, தோண்டினால் நரம்பு போயிடும் எண்டு விட்டிட்டினம்" என்றார். அதேதான். தசைக்குள் தங்கிய ஈயத்தைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிவிடும். தேடித் தோண்டுவதில்தான் கூடுதல் சேதம். மூட்டுக்குள், கண்ணில், குடலில், முள்ளந்தண்டை அழுத்தும் இடத்தில் இருந்தால் நிலைமை வேறு. மூட்டுத் திரவமும் இரைப்பை அமிலமும் ஈயத்தை மெல்லக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும்.

விழுங்கினாலும் அதே ஆபத்துத்தான். சுடப்பட்ட எலியையோ காகத்தையோ தின்கிற பூனைக்கும் பருந்துக்கும் ஈயம் போய்ச் சேரும். கலிபோர்னியாவில் கொண்டோர் கழுகுகள் வேட்டை மிச்சங்களைத் தின்று ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்ததால், 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயச் சன்னமே கூடாது என்று சட்டம் வந்தது.

இங்கே சுடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் கூரையில் இரவு முழுக்க ஓடும் மரநாயால் தூக்கம் கெட்டவர்கள், அல்லது புறா, காகம், குரங்கு என்று குறிபார்த்துப் பழகும் பிள்ளைகள். மரநாயின் தொல்லை உண்மையானது, நானும் அனுபவித்திருக்கிறேன். கூரையைத் தொடும் மாங்கிளையை வெட்டுங்கள். பொழுதுபட்டு அது வெளியே போனபின் ஓட்டு இடைவெளியைக் கம்பிவலையால் அடையுங்கள். அதற்கு முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுட்டால் அது கூரைக்குள்ளேயே போய்ச் செத்து நாறும்.

இன்னொன்று. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட ஊர் கொழும்பு. பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, இரவில் தோட்டத்து மீன்தொட்டிகளைத் தேடி வீடுகளுக்குள்ளும் வரும். இருட்டில் "பெரிய பூனை" என்று நினைத்துச் சுடப்படுவது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஒரு அரிய விலங்காக இருக்கலாம். காயம்பட்ட காட்டு விலங்கைக் கண்டால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வீட்டுப் பிராணி சுடப்பட்டால் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். எங்கள் மிருக வதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டுடையது. அதில் எழுதியிருக்கும் தண்டப்பணம் 100 ரூபா. ஒரு தடுப்பூசிக்குக்கூடக் காணாத காசு. இருந்தாலும் பதிவு இருக்கட்டும். ஒரே ஒழுங்கையில் மூன்று முறைப்பாடு சேர்ந்தால் பொலிஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டும். அதற்காக, எடுத்த சன்னத்தைக் கழுவாமல் ஒரு சிறு போத்தலில் போட்டுத் திகதி எழுதி, எக்ஸ்ரே படத்தோடு வைத்திருங்கள். உள்ளேயே விட்ட சன்னமென்றால் அந்தப் படம் இன்னும் முக்கியம்: வைத்தியரை மாற்றும்போது அதையும் கொண்டுபோங்கள்.